பனிமலையில் ஸ்நோஷூ, ஸ்கீ முகாம்: முதல் முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கோடையில் மலையில் கூடாரம் போட்டுப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்நோஷூ என்பது பனியில் புதையாமல் நடக்கக் காலணியின் அடியில் மாட்டும் அகலமான சட்டம். பை சுமக்கவும், வரைபடம் பார்க்கவும், சின்ன அடுப்பில் சமைக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பனியிலும் அதே வேலைகள்தான். கோடையில் எதை முதலில் செய்தாலும் கடைசியில் ஒரு வழியாக முகாம் அமைந்துவிடும். பனியில் இரண்டு வேலைகளை இடம் மாற்றிச் செய்தாலே இரவு முழுக்க நடுங்க வேண்டிவரும். முதல் முறை வருகிறவர்களைக் கவனித்ததில், சாமான் இல்லாமல் தவித்தவர்கள் குறைவு. தடித்த ஜாக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே விறைத்துப் போனவர்கள்தான் அதிகம். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முக்கியத்துவம்.

1. முதல் பயணத்தைச் சின்னதாக வையுங்கள்

ஒரே ஓர் இரவு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து இரண்டு, மூன்று மணி நேர நடைக்குள் முகாம். முடிந்தால் கோடையில் நடந்து பழகிய பாதை. நடுராத்திரியில் ஏதாவது சரியில்லை என்றாலும் எழுந்து திரும்பிவிடலாம் என்கிற தூரம்தான் முதல் தடவைக்கு ஏற்ற தூரம்.

நடைநேரத்தைக் கோடைக் கணக்கில் போடாதீர்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்பது 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கு. அது நல்ல பாதைக்குப் பொருந்தும். கனமான பையோடு, தடம் விழாத ஆழமான பனியில் மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். பகலும் குறுகியது. எனவே சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மறைவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே முகாமிடும் இடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து நடைநேரத்தைக் கழித்தால் புறப்படும் நேரம் கிடைக்கும். அது விடியலுக்கு முன்னால் போய் விழுந்தால் தூரத்தைக் குறையுங்கள்.

குறைந்தது மூன்று பேர் வேண்டும், நான்கு பேர் என்றால் இன்னும் நல்லது. ஒருவருக்கு அடிபட்டால், அவரோடு ஒருவர் இருக்க, மற்ற இருவர் உதவி தேடிப் போகலாம்.

வானிலையை முகாமின் உயரத்துக்குப் பாருங்கள், அடிவாரத்துக்கு அல்ல. 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 20 டிகிரி போல இருக்கும்.

கடைசியாக, ஊரில் இருக்கும் ஒருவரிடம் பாதை, முகாம் இடம், வண்டி எண், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு மேல் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் அவர் மறுநாள் வரை யோசித்துக்கொண்டே இருப்பார்.

2. பனிச்சரிவைக் கணக்கில் எடுத்த பிறகே பாதையை முடிவு செய்யுங்கள்

பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் ஆபத்தைப் பார்ப்பது தலைகீழ் வரிசை. அப்படிச் செய்தால், ஏற்கெனவே மனதில் பதிந்துவிட்ட பாதைக்கு நியாயம் தேடத் தொடங்கிவிடுவோம்.

ஆளைக் கொல்லும் பலகைச் சரிவுகள், அதாவது பனி ஒரே அடுக்காகப் பெயர்ந்து வரும் சரிவுகள், பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் கிளம்புகின்றன. வரைபடத்தின் சமஉயரக் கோடுகளிலிருந்தோ, சாய்வை நிறத்தில் காட்டும் வரைபடச் செயலியிலிருந்தோ அந்த இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்நோஷூ போட்டவர்கள் செய்யும் வழக்கமான தவறு இதுதான். "நாம் சமதரையில்தானே நடக்கிறோம்" என்று பள்ளத்தாக்கின் அடியில் போவார்கள். மேலே கிளம்பும் பனி வந்து நிற்பதும் அதே இடத்தில்தான்.

பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்து நிலைகளில் வரும். 4, 5 என்றால் யாரும் போவதில்லை. 3 என்றால் "நடுவில்தானே இருக்கிறது" என்று தோன்றும். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த 3-ஆம் நிலை நாட்களில்தான் நடக்கிறது. முதல் பயணத்துக்கு 1 அல்லது 2 இருந்தால் போங்கள், 3 என்றால் தள்ளிப்போடுங்கள். எச்சரிக்கை வெளியிடப்படாத மலை என்றால், 30 டிகிரி சாய்வும் அதன் கீழ்ப்பகுதியும் உங்கள் பாதையில் எங்கேயும் வரக்கூடாது.

ஒவ்வொருவரிடமும் புதைந்தவரை ரேடியோ அலையால் தேட உதவும் பீக்கன், பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியான ப்ரோப், தோண்ட உலோக ஷவல் மூன்றும் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒன்று என்பது பயனற்றது. புதைந்தவரிடம்தான் அது இருந்தது என்றால் என்ன செய்வது? பீக்கன்கள் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்வதால் எந்த நிறுவனத்துடையதும் எதோடும் பேசும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குள்ளேயே செங்குத்தாகச் சரிந்துவிடுகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு அதற்குள் வர முடியாது, கூட வந்தவர்கள்தான் தோண்டியாக வேண்டும். அதனால் இவற்றைக் கையாள ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டுப் புறப்படுங்கள். இந்தப் பகுதியைப் படித்துவிட்டதால் அந்த வகுப்பு தேவையில்லை என்று ஆகிவிடாது.

3. காலில் எது?

ஸ்கீயில் ஏறிப் பழக்கம் இல்லையென்றால் ஸ்நோஷூவே போதும். ஸ்கீயை அங்கேயே கற்றுக்கொள்ளலாம் என்று முதுகில் 18 கிலோ பையோடு வராதீர்கள். சும்மா நன்றாக இறங்குகிறவர்கள்கூடப் பெரிய பையோடு முதல் திருப்பத்திலேயே விழுகிறார்கள்.

ஸ்நோஷூவின் அளவை உங்கள் எடையோடு பையின் எடையையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். அடியில் பற்களும், ஏற்றத்தில் குதிகாலைத் தாங்கும் கம்பியும் இருக்கட்டும். கைக்கோல்களுக்கு அகலமான பனித்தட்டு மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோல் பாதி வரை உள்ளே போய்விடும்.

ஸ்கீ என்றால், காலணியை ஸ்கீயோடு பிணைத்து, குதிகாலை மட்டும் விடுவிக்கும் பைண்டிங்கும், ஏற்றத்தில் பின்னால் வழுக்காமல் இருக்க அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டையும் வேண்டும். ஸ்கின்னைக் கழற்றியதும் பைக்குள் போடாமல் ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். பசை உறைந்துவிட்டால் அடுத்த ஏற்றத்தில் ஒட்டாது. ஒட்டாமல் போனால் கட்டிச் சமாளிக்க அகலமான டேப்பும் இரண்டு ஸ்கீ பட்டைகளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் இரண்டு வகையினரும் இருந்தால் இறக்கத்தில் ஸ்கீக்காரர்கள் ஒரே நிமிடத்தில் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். எங்கே நின்று காத்திருப்பது என்பதை மேலேயே பேசிவிடுங்கள்.

4. உடை: வியர்வையைக் கட்டுப்படுத்துவதுதான் வேலை

உடலோடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ். காற்றுக்கும் பனிக்கும் ஷெல் ஜாக்கெட், ஷெல் பேன்ட். நிற்கும்போது போட்டுக்கொள்ள, இவை எல்லாவற்றுக்கும் மேலே போடும் அளவுக்குப் பெரிய தடித்த ஜாக்கெட் ஒன்று. பருத்தி எதிலும் வேண்டாம், உள்ளாடையிலும் வேண்டாம். நனைந்த பருத்தி காய்வதே இல்லை, உடல் சூட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கையுறை மூன்று ஜோடி: நடக்க மெல்லியது ஒன்று, வேலை செய்யத் தடித்தது ஒன்று, விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் ஒன்று. புதியவர்கள் ஒரே ஜோடியை எல்லாவற்றுக்கும் போட்டு, பனி தோண்டும்போது நனைத்துவிட்டு, இரவு சமைக்கும்போது விரல் மடங்காமல் நிற்பார்கள்.

தூங்குவதற்கு மட்டும் ஒரு ஜோடி காலுறையும் ஓர் உள்ளுடையும் நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். என்ன ஆனாலும் அதை முகாமில் கூடாரத்துக்கு வெளியே போடக்கூடாது.

கண்ணாடியை மறந்தால் பயணம் முடிந்தது. புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அதனால் பக்கவாட்டிலும் மறைக்கும் கருப்புக் கண்ணாடி வேண்டும். வெயிலுக்கான களிம்பைத் தாடைக்குக் கீழேயும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் தடவுங்கள். வெயில் அங்கேயும் கீழிருந்து வரும்.

5. தூக்கத்துக்கு: முதலில் அடியில், பிறகு மேலே

பணத்தையெல்லாம் ஸ்லீப்பிங் பேக்கில் போட்டுவிட்டு மெல்லிய பாயில் படுப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உடம்பின் எடையில் நசுங்கிய, பேக்கின் அடிப்பக்கத்தில் அடைத்த இறகு எந்தக் குளிரையும் தடுக்காது. தரையிலிருந்து காப்பது பாய் மட்டும்தான். பாயின் காப்புத்திறனை ஆர் மதிப்பு என்று அதன் மேலேயே போட்டிருப்பார்கள். பனியில் படுக்க மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் தேவை. இரண்டு பாய்களை அடுக்கினால் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். அடியில் மடிக்கும் ஃபோம் பாய், மேலே காற்றடைத்த பாய் என்பது நல்ல சேர்க்கை. காற்றுப் பாய் ஓட்டையானாலும் ஃபோம் இருக்கும். முகாமில் உட்காரவும் அதுவே ஆகும்.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். சொகுசு வெப்பநிலையைப் பாருங்கள், எல்லை வெப்பநிலையை அல்ல. எல்லை என்பது சுருண்டு படுத்தால் ஒருவழியாக இரவைக் கழிக்கலாம் என்கிற அளவு.

6. அடுப்பும் எரிபொருளும்

கோடைக்கு வாங்கிய கேஸ் குப்பி அடுப்பு குளிரில் ஏன் சுணங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிது. குப்பியில் அடைக்கும் வாயுக்களில் சாதாரண பியூட்டேன் சுமார் பூஜ்ய டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை ஆவியாகும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. கலவைக் குப்பியில் புரோப்பேன் முதலில் தீர்ந்துவிடும், மீதி குப்பிக்குள்ளேயே திரவமாக நிற்கும். குலுக்கினால் சத்தம் கேட்கும், தீ மட்டும் வராது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, அடுப்புக்கென்றே சுத்திகரித்த வெள்ளைப் பெட்ரோலில் எரியும், பம்ப் செய்யும் அடுப்பு. கடும் குளிருக்கு அதுவே நம்பகமானது. இன்னொன்று, குப்பியைத் தலைகீழாக வைக்கும் கேஸ் அடுப்பு. தீயின் ஊடே போகும் சூடேற்றுக் குழாய் உள்ள மாடலை மட்டுமே அப்படிக் கவிழ்க்கலாம், மற்றவை தீயைக் கக்கும்.

அளவு எவ்வளவு? குடிக்கும் நீர் முழுவதையும் பனியை உருக்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் வெள்ளைப் பெட்ரோலில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் வையுங்கள். அதிகமாகத் தோன்றும். ஆனால் பூஜ்ய டிகிரிப் பனியை வெறுமனே உருக்குவதற்கு ஆகும் வெப்பம், அதே நீரை 80 டிகிரி வரை சூடாக்குவதற்கு ஆகும் வெப்பத்துக்குச் சமம். கோடை அளவில் எடுத்துப் போனவர்களுக்கு இரண்டாம் நாள் காலையில் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

அடுப்பின் அடியில் வைக்க ஒரு சின்னப் பலகையும் வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பு தன் சூட்டில் தானே குழி பறித்துச் சாய்ந்துவிடும்.

7. வீட்டிலேயே ஓர் ஒத்திகை

மிட்டன் போட்டுக்கொண்டு கூடாரத்தைப் பிரித்துப் போடுங்கள். அதே கையால் அடுப்பைப் பற்றவையுங்கள், ஸ்நோஷூ பட்டையை மாட்டிக் கழற்றுங்கள். முடியாத இடத்தை இப்போதே சரிசெய்யலாம். ஜிப் இழுப்பான்களில் ஒரு விரல் நீளக் கயிறு கட்டுவது போன்ற சின்ன வேலைகள் மலையில் பெரிய உதவி.

உணவுப் பொட்டலங்களை முழுதாகப் பிரித்து, வேளைக்கு ஒரு பை என்று கட்டுங்கள். ஒரு நாளில் 4000 கலோரி வரை செலவாகலாம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. எனவே கொட்டைகள், வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்றவை எடைக்கு அதிகம் தரும். நடக்கும்போது தின்பவை உறைந்தாலும் கடிக்க முடிகிறதா என்று ஃப்ரீசரில் வைத்துச் சோதியுங்கள். சில எனர்ஜி பார்கள் மைனஸ் 10-இல் செங்கல்தான்.

பையை அடுக்கும்போது, கடைசியில் தேவைப்படுவதை அடியில் வையுங்கள். தடித்த ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே. ஷவலும் ப்ரோப்பும் கை வைத்தவுடன் வரும் இடத்தில்.

8. நடை

புறப்படும் இடத்தில் முதல் வேலை பீக்கன் சோதனை. ஒருவர் பெறும் நிலையில் நிற்க, மற்றவர்கள் அனுப்பும் நிலையில் ஒவ்வொருவராகக் கடந்து போக வேண்டும். பிறகு அவரும் அனுப்பும் நிலைக்கு மாற்றிக்கொண்டாரா என்று பாருங்கள். கைபேசியை பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50 சென்டிமீட்டர்.

பிறகு ஒரு மேலாடையைக் கழற்றுங்கள். நிற்கும்போது கொஞ்சம் குளிர்ந்தால்தான் நடக்கும்போது சரியாக இருக்கும். பத்து நிமிடம் நடந்ததும் ஒருமுறை நின்று எல்லோருமே மறுபடி கழற்றுங்கள் அல்லது போடுங்கள். வியர்த்த பிறகு கழற்றுவது தாமதம், அந்த ஈரம் மாலையில் முகாமில் நிற்கும்போதுதான் தன் வேலையைக் காட்டும்.

முன்னால் போகிறவர் தடம் போடுகிறார், பின்னால் வருகிறவர்கள் சும்மா நடக்கிறார்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் பக்கவாட்டில் ஒதுங்கி, வரிசை கடந்ததும் கடைசியில் சேர்ந்துகொள்ளட்டும். வலுவானவர் ஒருவரே முழுக்கத் தடம் போட்டால் அவர் நனைந்து போவார், முகாமில் முதலில் தளர்வதும் அவராகத்தான் இருக்கும்.

ஸ்நோஷூவில் காலை அகட்டி வையுங்கள். பின்னோக்கி நடக்காதீர்கள், வால் பனியில் குத்தி மல்லாந்து விழுவீர்கள். திரும்ப வேண்டுமானால் வட்டமாகச் சுற்றுங்கள். இறக்கத்தில் முழங்காலை மடக்கி எடையைக் குதிகாலில் வைத்து நேராக இறங்குங்கள். குறுக்காக நடப்பதுதான் ஸ்நோஷூவுக்குக் கஷ்டம். ஸ்கீக்காரர்கள் காலைத் தூக்காமல் இழுத்துச் சறுக்கிப் போக வேண்டும், தூக்கினால் ஒவ்வோர் அடிக்கும் ஸ்கீயின் எடையையும் தூக்குகிறீர்கள். ஸ்கீ தடத்தின் மேல் ஸ்நோஷூவால் மிதித்துக் குழியாக்காதீர்கள், பக்கத்தில் தனித்தடம் போடுங்கள்.

அடர்ந்த ஊசியிலை மரங்களின் அடிமரத்தை ஒட்டி, பனி மூடிய வெற்றுக் குழி இருக்கும். அதை ஒட்டி நடக்காதீர்கள். உறைந்த ஏரியைக் குறுக்கே கடக்கும் ஆசையையும் முதல் பயணத்தில் விடுங்கள். நடக்கவே குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிவான பனிக்கட்டி வேண்டும், நீர் வந்து சேரும் வாயிலிலும் வெளியேறும் வாயிலிலும் அது இருக்காது.

வழியில் காலடியில் "உம்ப்" என்று ஓர் அமுங்கும் சத்தம், ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல், அருகில் புதிதாக விழுந்த சரிவு, திடீர் வெப்பம், காற்று பனியை அள்ளிக் குவித்த மேடு: இவற்றில் எதைக் கண்டாலும் சமதரைக்குத் திரும்பி முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். விவாதம் அங்கே நின்றுகொண்டு வேண்டாம்.

9. முகாம் இடம்

மேலே பாருங்கள், பிறகு கீழே. தலைக்கு மேலே செங்குத்தான பனிச்சாய்வு, பனி கனத்து வளைந்த கிளை, பட்டுப்போன மரம் எதுவும் கூடாது. பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் குளிர்காற்று வந்து தேங்கும், சில பத்து மீட்டர் ஏறினாலே சில டிகிரி கூடும். மேட்டின் உச்சியில் காற்று பலமாக அடிக்கும். இரண்டுக்கும் நடுவில், காற்றுக்கு மறைவான, காலை வெயில் விழும் மெல்லிய சாய்வான மேடை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமும் அமைகிற இடம் அபூர்வம். பனிச்சரிவு ஆபத்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், வெயில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

10. வந்ததும் முதல் ஒரு மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்த வரிசையை வையுங்கள்.

முதலில், பையை இறக்கியதும் தடித்த ஜாக்கெட்டையும் தொப்பியையும் போடுங்கள். சூடாக இருப்பதாகத் தோன்றும்போதே போட வேண்டும். நடையில் உண்டான சூடு சில நிமிடங்களில் போய்விடும், போன சூட்டை ஜாக்கெட் திரும்ப உண்டாக்காது, இருப்பதைத்தான் காக்கும். அப்படியே எதையாவது தின்னுங்கள்.

இரண்டாவது, ஸ்நோஷூவையோ ஸ்கீயையோ கழற்றாமல் கூடாரத்துக்கான இடத்தை மிதித்து அமுக்குங்கள். கூடாரத்தைவிடச் சுற்றிலும் ஒரு மீட்டர் கூடுதலாக மிதியுங்கள். கழற்றிவிட்டால் இடுப்பளவு மூழ்குவீர்கள். மிதித்தபின் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். கலைந்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அதற்குள் கூடாரம் போட்டால் முழங்கால் பட்ட இடமெல்லாம் குழியாகி, இரவில் அந்தக் குழி உறைந்துபோய் முதுகில் குத்தும்.

மூன்றாவது, அந்த அரை மணி நேரத்தில் அடுப்பை ஏற்றிப் பனியை உருக்கத் தொடங்குங்கள். ஒருவர் அடுப்பில் இருக்கட்டும், மற்றவர்கள் சமையல் குழியையும் காற்றுத் தடுப்புச் சுவரையும் வெட்டட்டும். வேலை செய்பவர்களுக்குக் குளிராது, அடுப்புக்காரருக்குக் குளிரும், எனவே மாற்றிக்கொள்ளுங்கள். சிறுநீருக்கு ஓர் ஓரத்தையும் குடிநீருக்குப் பனி அள்ளும் ஓரத்தையும் எதிரெதிர்த் திசையில் இப்போதே குறித்துவிடுங்கள். இருட்டியபின் நிறம் தெரியாது.

நான்காவது, கூடாரம். சாதாரண முளை பனியில் நிற்காது. முளையையோ பனி நிரப்பிய சிறு பையையோ கயிற்றுக்குக் குறுக்காகக் கிடக்கும்படி ஓர் அடி ஆழத்தில் புதைத்து மிதியுங்கள், அரை மணியில் இறுகிவிடும். கயிற்றின் முடிச்சு பனிக்கு மேலே இருக்கட்டும், காலையில் உறைந்த முடிச்சைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்காது. முன்வாசலில் முழங்கால் ஆழக் குழி வெட்டினால் உட்கார்ந்து காலணி மாட்ட வசதி.

ஐந்தாவது, பாயையும் ஸ்லீப்பிங் பேக்கையும் உடனே விரியுங்கள். பையில் நசுங்கிக் கிடந்த இறகு உப்ப நேரம் வேண்டும். உள்ளே போகும் முன் உடையில் ஒட்டிய பனியைச் சின்ன பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

அனுபவம் இல்லாத குழு இதைத் தலைகீழாகச் செய்யும். முதலில் கூடாரம், பிறகு படம் எடுத்தல், இருட்டியபின் தண்ணீர், நடுங்கத் தொடங்கியபின் ஜாக்கெட்.

11. பனியை உருக்குதல்

பாத்திரத்தில் முதலில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, அதில் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெறும் பனியைத் திணித்துத் தீயேற்றினால் அடியில் உருகும் துளியை மேலே இருக்கும் பனி உறிஞ்சிக்கொள்ளும், பாத்திரத்தின் அடி காய்ந்து கருகும். நீருக்கும் தீய்ந்த வாடை வந்துவிடும். அதற்காகவே பகலில் குடித்த புட்டியில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

புதுப்பனியில் பத்து லிட்டர் அள்ளினால் ஒரு லிட்டர் நீர் கிடைத்தாலே அதிகம். தோண்டி, அடியில் இறுகிய பழைய பனியை எடுத்தால் அதே பாத்திரத்தில் மூன்று மடங்கு வரும். பெரிய சாக்குப்பை நிறைய ஒரே தடவையில் அள்ளி அடுப்பருகே வைத்துக்கொள்ளுங்கள். மூடி போடுங்கள், கொதிக்கவிடத் தேவையில்லாத சுத்தமான புதுப்பனியைக் கொதிக்க வைத்து எரிபொருளை வீணாக்காதீர்கள்.

இரவு உணவுக்கும், இரவில் குடிக்கவும், மறுநாள் காலைக்குமான நீரை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். நான்கு பேருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். அகலவாய்ப் புட்டிகளில் ஊற்றித் தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பிலிருந்து உறையும், கவிழ்த்து வைத்தால் மூடி உறையாது. குழாய் வைத்த நீர்ப்பை குளிருக்கு உதவாது, முதலில் உறைவது குழாய்தான்.

எந்தக் காற்றானாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தலைவலியும் மயக்கமும் வரும்போது கதவைத் திறக்கக் கை வராமல் போகலாம். வேறு வழியே இல்லாத புயலில் முன்வாசலில், மேலும் கீழும் திறந்து வைத்துக்கொண்டு, பற்றவைப்பதை வெளியே செய்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

12. இரவு

படுக்கும் முன் கொழுப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள், சிறுநீர் கழித்துவிடுங்கள். கைகால் குளிர்ந்த நிலையில் உள்ளே நுழைந்தால் ஸ்லீப்பிங் பேக் சூடாகாது. வெளியே பத்து முறை உட்கார்ந்து எழுந்துவிட்டு நுழையுங்கள். சூடான நீர் நிரப்பிய புட்டியை, மூடியை இருமுறை சரிபார்த்து, காலுறைக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கூட வைக்க வேண்டியவை: காலணியின் உள்ளுறை, ஈரமான கையுறை, கைபேசி, பீக்கன், ஹெட்லேம்ப், ஸ்கின், கேஸ் குப்பி. கொஞ்சம் நெருக்கடிதான். காலணியின் வெளிப்புறக் கூட்டை நன்றாக விரித்து வையுங்கள், மடங்கிய நிலையில் உறைந்தால் காலையில் கால் போகாது.

மூக்கையும் வாயையும் வெளியே விட்டுத் தூங்குங்கள். மூச்சின் ஈரம் இறகில் இறங்கினால் அடுத்த இரவு பேக் சுருங்கியிருக்கும். கூடாரத்தின் காற்றுத்துளைகளையும் மூடாதீர்கள். மூடினால் சூடாகாது, உள்சுவரில் உறைபனி படிந்து முகத்தில் உதிரும். பனி பெய்தால் இரவில் ஒருமுறை எழுந்து கூடாரத்தைத் தட்டுங்கள், துளைகள் அடைபட்டிருக்கும்.

13. காலை

ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருந்தபடியே முடிந்தவரை உடுத்துங்கள். அடுப்பு முதலில், கூடாரம் கடைசியில். குடித்து முடித்து, வேண்டிய நீர் நிரம்பியபின் ஸ்லீப்பிங் பேக்கை மடியுங்கள், உள்சுவர் உறைபனியைத் தட்டி வெளியே கொட்டுங்கள், அப்புறம் கூடாரம். புதைத்த முளைகளை ஷவலால் சுற்றித் தோண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் கயிறு அறுந்து முளை உள்ளேயே போய்விடும்.

மலத்தைப் பனியில் புதைப்பது சுத்தம் செய்வதாகாது. பனி உருகினால் அது அப்படியே மேலே கிடக்கும், உறைந்த மண்ணையோ தோண்ட முடியாது. இறுகக் கட்டும் பைகளில் எடுத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். குளிரில் வாடை வராது என்பதால் நினைப்பதைவிட எளிதுதான். வெட்டிய குழிகளையும் மூடிவிடுங்கள், அடுத்து வரும் ஸ்கீக்காரர் அதில் விழக்கூடாது.

14. உடல் காட்டும் அறிகுறிகள்

ஒருவர் திடீரென்று சிடுசிடுக்கிறாரா, பேச்சு குழறுகிறதா, ஜிப்பை இழுக்கத் தடுமாறுகிறாரா, சமதரையில் கால் இடறுகிறாரா? உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதன் தொடக்கமாக இருக்கலாம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவரே சொல்வார், நம்பாதீர்கள். ஈர உடையை மாற்றி, காற்றிலிருந்து மறைத்து, பாய் மேல் உட்காரவைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கூடாது, அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியேற்றும். நடுக்கம் நின்றுபோனது, ஆனால் சூடாகவில்லை என்றால் நிலைமை மோசமாகிவிட்டது. அவரை மெதுவாகக் கையாளுங்கள், உதவியை அழையுங்கள்.

மூக்கு நுனி, கன்னம், விரல் வெளுத்து உணர்ச்சியில்லாமல் போனால் பனிக்கடியின் ஆரம்பம். தன் முகம் தனக்குத் தெரியாது, அதனால் ஒருவர் முகத்தை மற்றவர் அடிக்கடி பாருங்கள். உள்ளங்கையாலோ அக்குளிலோ வைத்துச் சூடாக்குங்கள். தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது இன்னும் கெடுதல். கெட்டியாகவே உறைந்த பாதம் என்றால், மறுபடி உறையும் வாய்ப்பு இருக்கும்வரை அதை உருக்கக்கூடாது. உருகி மறுபடி உறைந்த திசுவின் சேதம் இன்னும் அதிகம்.

15. வீடு திரும்பிய அன்றே

களைப்பில் பையை மூலையில் போட்டுவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஊரில் உங்கள் பயண விவரத்தை வைத்திருப்பவரிடம் "வந்துவிட்டோம்" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு கூடாரத்தையும் ஸ்லீப்பிங் பேக்கையும் விரித்துப் போடுங்கள். பேக்கை இறுக்கிச் சுருட்டி வைக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாக வையுங்கள். ஸ்கின்னைக் கொடியில் காயவிட்டு, பசைப்பக்கத்தை ஒன்றோடொன்று சேர்த்து மடியுங்கள். சீசன் முடிந்துவிட்டது என்றால் பீக்கனின் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே விட்ட பேட்டரி கசிந்து பீக்கனை வீணாக்கிவிடும். அப்புறம், கொண்டுபோய்த் தொடாமலே திரும்ப வந்த பொருட்களையும், அங்கே தேடிக் கிடைக்காத பொருட்களையும் ஒரு தாளில் எழுதிப் பையின் மேலறையில் வையுங்கள். அடுத்த முறை அடுக்கத் தொடங்குவது அந்தத் தாளிலிருந்துதான்.